மொட்டைப் பனையில் குடியேறிய பனங்காடை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. மனிதர்களும் காதுகொடுத்துக் கேட்டார்கள். செம்மணல் மேடான தேரிக்காட்டில் ஒரு பனங்காடை இருந்தாள். சிறகை விரித்தால் அப்படி ஒரு நீலம். அவ்வளவு அழகிக்குக் கூடு கட்ட மட்டும் தெரியாது. எனக்கென்ன குறைச்சல் என்ற நினைப்பில் பனைமட்டை இடுக்கிலேயே முட்டையிட்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த நீலத்தை எட்ட இருந்தே பார்த்துவிடும் காக்கை, நேரே வந்து முட்டையைக் கொத்திப் போகும்.

அந்தப் பனைக்கு அடியில் கம்பு விதைத்திருந்த வெயிலாளுக்கு இது பொறுக்கவில்லை. அவளது பயிரைத் தின்ன வரும் வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்பது பனங்காடைதானே. வெயிலாளின் புருஷன் சங்கிலி பனையேறி. அவனிடம் சொல்லி, பதநீர் இறக்கிய பழைய கலயம் ஒன்றை மட்டைக்கடியில் கட்டவைத்தாள்.

"இதுக்குள்ள இருந்துக்கோ தாயி. ஒரு காக்கா எட்டிப் பாக்காது."

காக்கை எட்டிப் பார்க்கவில்லைதான். ஆனால் கலயத்தில் ஊறிக்கிடந்த பதநீர் வாசம் மரநாயைக் கூட்டிவந்தது. இனிப்பைத் தேடி ஏறிய மரநாய் முட்டையைக் குடித்துவிட்டுப் போனது. நல்லது செய்யப்போய் இப்படி ஆயிற்றே என்று வெயிலாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"அழாதீங்க அக்கா. இனி எடத்த நானே பாத்துக்கிடுதேன்" என்றாள் பனங்காடை. சொன்னபடியே இடம் தேடிப் பறந்தாள். காட்டோரம் இடி விழுந்து தலை போன பனை ஒன்று நின்றது. ஓலை இல்லை, பதநீர் இல்லை, அதில் ஏற யாருக்கும் வேலை இல்லை. உச்சி உளுத்துப் பொந்து விழுந்திருந்தது. உள்ளே இறங்கினாள், நீலம் வெளியே தெரியவில்லை. அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டாள்.

ஒருநாள் காலையில் சங்கிலி கோடாலியோடு அந்தப் பனைக்குக் கீழே வந்து நின்றான். பனங்காடை பொந்திலிருந்து பாய்ந்து, ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டு, அவன் முகத்துக்கு நேரே இறங்கினாள்.

"அண்ணாச்சி, கோடாலிய கீழ போடுங்க. பிள்ளைங்க உள்ள இருக்கு."

"மழைக்கு முன்னால கூரை ஏத்தணும் தாயி, உத்தரத்துக்கு மரம் வேணும். பதநி தார பனைய வெட்ட முடியுமா? இது பட்ட மரம்தான."

"உங்களுக்குத்தான் அது பட்ட மரம். எனக்கு வீடு."

சங்கிலி தயங்கினான். பிறகு மழையை நினைத்துக் கோடாலியை ஓங்கினான். கம்பங்காட்டிலிருந்து ஓடிவந்த வெயிலாள் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"பிள்ளை பெத்துக் கிடக்கவள எந்த ஊர்ல வீட்ட விட்டு எறக்குவாவ? இந்த மழைய நாம நனைஞ்சே கழிப்போம். நடங்க வீட்டுக்கு."

அந்த மழையில் அவர்கள் வீடு ஒழுகத்தான் செய்தது. ஒழுகுகிற இடமெல்லாம் சட்டி வைத்தாள் வெயிலாள். சங்கிலி முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். மழை விட்டதும் மொட்டைப் பனையிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்து கம்பங்காட்டில் இறங்கின. அவன் முணுமுணுப்பு அதோடு நின்றது.

அன்று முதல்தான், பச்சைப் பனை எத்தனை நின்றாலும் பனங்காடை மொட்டைப் பனையைத் தேடிப்போய் முட்டையிடுகிறது; அந்தத் தேரிக்காட்டுக்காரர்களும் கோடாலி வைக்குமுன் மரத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளே குஞ்சுச் சத்தம் கேட்டால், கூரை ஒழுகினாலும் பரவாயில்லை என்று திரும்பிவிடுகிறார்கள்.