தளபதி ஒட்டிய முதல் விதி

தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கேம் சென்டர். அங்கே பெர்க்மான்ஸ்தான் தளபதி. பட்டம் அவரே வைத்துக்கொண்டது. பழங்காலத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பத்துப் பேரை நடத்துகிறவர். புதியவர்களுக்கான விதிகளைக்கூட அவரே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

கடையைப் பெருக்கும் இசக்கியம்மாள் ஒருநாள், “என்னையும் அணியில சேத்துக்கோங்க அண்ணாச்சி” என்றாள்.

கடையே சிரித்தது.

“என்னைய ஜெயிச்சா சேத்துக்கிடுதேன். ஆனா உன் துப்பாக்கியில குண்டு கிடையாது. தோத்தா, இங்க விளக்குமாத்தைத் தவிர எதையும் தொடக் கூடாது” என்றார் தளபதி.

“ஒரே ஒரு குண்டு போதும் அண்ணாச்சி. அதுவும் உங்க துப்பாக்கியில இருந்தாப் போதும்.”

ஆட்டம் தொடங்கியது. திரையில் தளபதி தூரத்து மேட்டில் நின்றார். இசக்கி ஒளியவில்லை. வெட்டவெளியில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே, “அது வெடிக்குமா அண்ணாச்சி, இல்ல சும்மா அழகுக்கா?” என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. சுட்டார். குண்டு எங்கேயோ போனது. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் மருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடித்தால்தான் அடுத்த வெடி. அவர் இடித்து முடிப்பதற்குள் இசக்கி ஓடிவந்து, தன் துப்பாக்கி முனைக் கத்தியால் ஒரே குத்து. அவர் திரை சிவந்தது.

“அழுகுணி ஆட்டம்! உனக்கு யாரு இதைச் சொல்லிக்கொடுத்தா?”

இசக்கி விளக்குமாற்றால் சுவரைக் காட்டினாள். முதல் விதி: ‘எட்டத்தில் நிற்பவனைச் சுடாதே. மறுபடி மருந்து இடிப்பதற்குள் வந்து குத்திவிடுவான்.’

“தினமும் தூசி தட்டும்போது படிச்சேன். எழுதினவருதான் படிக்கல போல.”

விளக்குமாற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, தளபதியின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.