ஏழாவது ஜல்லி

“இந்த ஜல்லியும் சரியில்லை, டீச்சர்,” என்றார் கோதண்டபாணி.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தோரு வருஷம் நிஜ ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சர் ஹெப்சிக்கு முப்பத்தைந்து. பிழைப்புக்குப் பல் செட் செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மாடி அறையில் மாதிரி ரயில் பாதை அமைக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அவள் நிமிரவில்லை. குட்டி எஞ்சினின் சக்கரத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இது எத்தனாவது தடவை, சார்?”

“ஏழாவது.”

ஸ்டேஷன், பாலம், சிக்னல் என்று மற்ற இடமெல்லாம் ஒரே மூச்சில் முடித்திருந்தார். ரவை போன்ற ஜல்லியைத் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே பிரஷ்ஷால் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, மேலே நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வேலை முடிந்தது. ஒரு முழ நீள வளைவு ஒன்றுதான் பாக்கி. அங்கே மட்டும் ஒட்டுவார். மறு வாரம் வெந்நீர் ஊற்றிச் சுரண்டிவிடுவார்.

“முதல்ல வெள்ளைக் கல். அப்புறம் சாம்பல். பிரேக் தூசி படிஞ்ச பழுப்புகூடப் போட்டுப் பார்த்தேன். எதுவும் அது இல்லை.”

“எது?”

“நான் பார்த்த வளைவு. அப்படியே கண்ணுல நிக்குது, டீச்சர்.”

ஹெப்சி பஞ்சைக் கீழே வைத்தாள். “என்ன பார்த்தீங்க?”

அவர் அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார்.

“காலையில ஏழு பத்து. தொண்ணூறு கிலோமீட்டர் வேகம். வளைவு திரும்பினதும் தண்டவாளத்துல ஒரு அம்மா. ஹாரன் அடிச்சேன். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். வண்டி நிக்கறப்போ அவங்களைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டேன்.”

“உங்க மேல தப்பு சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலை.”

“அவங்களைப் பார்த்ததுல இருந்து எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“ஏழெட்டு நொடி.”

“அந்த ஏழெட்டு நொடியில ஜல்லி என்ன நிறம்?”



“பச்சைப் புடவை,” என்றார் கோதண்டபாணி. “கையில எவர்சில்வர் தூக்கு. ஹாரன் கேட்டுத் திரும்பினாங்க.”

“ஜல்லி, சார்?”

“பார்க்கலை.”

“அதுக்கப்புறம்? அதே வழியா எத்தனையோ தடவை போயிருப்பீங்களே.”

“பதினாலு வருஷம். அந்த இடம் வந்தா சிக்னலைத் தவிர எதையும் பார்க்க மாட்டேன். ஒரு தடவைகூடக் கீழே பார்த்ததில்லை.”

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல நின்றார்.

ஹெப்சி பசைக் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் குனிந்தார். வளைவில் பரப்பி இன்னும் ஒட்டாமல் கிடந்த ஜல்லியை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் சில கல், வெளுத்தது சில, ஒன்றிரண்டு கறுப்பு. சோப்புத் தண்ணீர் தெளித்தார். வளைவின் ஒரு முனையில் ஆரம்பித்து, மறுமுனை வரை பசையைச் சொட்டிக்கொண்டே போனார். நடுவில் ஒரு இடத்தில் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மிச்சத்தையும் முடித்தார்.

“காய ஒரு நாள் ஆகும், இல்லையா டீச்சர்?”

“ஆகும்.”

“அப்புறம் நான் என்ன பண்ணணும்?”

“தொடாதீங்க,” என்றாள் ஹெப்சி.