மருமகனுக்கு முதல் ஸ்பூன்

ஏழுபனையூரில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலவேசம், நயினார், உச்சிமாகாளி என்ற மூன்று அண்ணன் தம்பிகளும் தங்கள் பங்கு அறிவைத் தொடாமல், பின்னால் பிறக்கப்போகும் தங்கைக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டு வந்தவர்கள். அந்தத் தங்கைதான் கோமதி. புருஷன் மும்பையில் வேலை பார்க்க, அவள் ஆறு மாதப் பிள்ளை கபிலனோடு அண்ணன்மார் வீட்டில் இருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் தபால் ஆபீஸ் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

“அதுக்குள்ள பிள்ளை சோறு திங்கப் பழகணும். இல்லன்னா தூத்துக்குடியில மாமியார்கிட்ட விட்டுருவேன்” என்றாள்.

மூத்தவன் பலவேசத்தின் கை மீசைக்குப் போயிற்று. மருமகன் தன் மீசையைப் பிடித்து இழுக்காத ஒரு காலைப்பொழுதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முதல் சோறு ஊட்டுவது தாய்மாமன்தான் என்பது அந்த வீட்டு வழக்கம். நர்சம்மா வந்து மூவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: “மடியில நிமிர்த்தி வச்சு ஊட்டுங்க. வாயைத் திறந்தா ஒரு ஸ்பூன் கொடுங்க. தலையைத் திருப்பினா அப்படியே நிறுத்திடுங்க. முதல் நாள் ஒரு ஸ்பூன், அடுத்த நாள் ரெண்டு, அப்புறம் மூணு. மூணு நாளைக்கு வேற எதுவும் புதுசா வேண்டாம்.” அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை பாலுக்குத் தாவும் என்று சொல்லி, கோமதியை அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

புதன்கிழமை கோமதி பருப்புச் சோற்றைக் குழைய மசித்து வைத்துவிட்டுப் போனாள்.

“யார் மடியில வைக்கது?” என்றான் நயினார்.

“தாய்மாமன் மடியில.”

“மூணு பேருமே தாய்மாமன்தானே அண்ணே?”

நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் உச்சிமாகாளி தரையில் உட்கார்ந்தான். அவன் மடியில் நயினார், நயினார் மடியில் பலவேசம், பலவேசம் மடியில் கபிலன். எல்லா மாமனுக்கும் மரியாதை ஆயிற்று.

பலவேசம் ஸ்பூனைத் தூக்கினான். அந்நேரம் பார்த்து ஜன்னலில் ஒரு காக்கா கத்த, கபிலன் தலையைத் திருப்பினான்.

“நிறுத்து!” என்றான் பலவேசம்.

மூவரும் அப்படியே உறைந்துபோனார்கள். காக்காவுக்கு வேறு ஜோலி இல்லை, கபிலனுக்கும் இல்லை.

“அண்ணே, கால் மரத்துப் போச்சு” என்று அடியிலிருந்து உச்சிமாகாளியின் குரல் வந்தது.

“பேசாதல! பேச்சையும்தான் நிறுத்தணும்.”

காக்கா பறந்தபோது சோறு காய்ந்து கட்டியாகியிருந்தது. உச்சிமாகாளியை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கி நிறுத்தினார்கள்.

வியாழக்கிழமை பலவேசம் மட்டும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். கபிலனோ வாயைத் திறப்பதாக இல்லை. தம்பிமார் இருவரும் எதிரே உட்கார்ந்து, “இப்படித் திறக்கணும் மருமவனே, ஆ...!” என்று காட்டினார்கள்.

பலவேசம் திகைத்தான். “ஏ நயினாரு, வாயைத் திறந்தா ஒரு ஸ்பூன்னு சொன்னாவ்லா. இப்பம் திறந்தது உன் வாயிதானே?”

“எந்த வாயின்னு நர்சம்மா சொல்லலியே அண்ணே!”

“படிச்சவங்க. தெரியாமலா சொல்லியிருப்பாவ?”

நயினாருக்கு ஒரு ஸ்பூன், உச்சிமாகாளிக்கு ஒரு ஸ்பூன். ஊட்டும்போது தன் வாயும் திறந்துகொண்டதைப் பலவேசம் கவனித்தான். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டான். கபிலன் உதட்டை இறுக மூடிக்கொண்டு, மூவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சோறு தொடங்கியாகிவிட்டதல்லவா? இனி மூவருக்கும் மூன்று நாளைக்கு வேறு எதுவும் ஆகாது. கோமதி சீலா மீன் குழம்பு வைத்துக் கூப்பிட்டபோது மூவரும் கண்ணீரோடு மறுத்துவிட்டார்கள். பிள்ளை நன்றாகச் சாப்பிட விரதம் இருக்கிறார்களாக்கும் என்று அவள் நெகிழ்ந்துபோனாள். அன்றிலிருந்து தினமும் காலியாகத் திரும்பிய கிண்ணத்தைப் பார்த்து இன்னும் சந்தோஷப்பட்டாள். வெள்ளிக்கிழமை ஆளுக்கு இரண்டு ஸ்பூன், சனிக்கிழமை மூன்று. சனி சாயங்காலம் உச்சிமாகாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, தன் கண்ணால் பார்த்துவிடலாம் என்று கோமதியே கிண்ணத்தோடு வந்து பிள்ளையை மடியில் வைத்தாள். கபிலன் வாயைத் திறக்கவே இல்லை. அவள் முகம் சுருங்கியது.

“நாளைக்குத் தூத்துக்குடி பஸ் எத்தன மணிக்கு அண்ணே?” என்றாள்.

பலவேசத்துக்கு நெஞ்சடைத்தது. ஆனால் பசிக்கு நெஞ்சைப் பற்றி என்ன கவலை? சோற்றைப் பார்த்ததும் மூன்று வாய்களும் தாமாகத் திறந்துகொண்டன.

கபிலன் கெக்கெக்கே என்று சிரித்தான். ஸ்பூனைப் பிடுங்கினான். சோற்றில் ஒரு குத்துக் குத்தி, பலவேசத்தின் வாயில் பாதியும் மீசையில் பாதியுமாக வைத்தான். அடுத்து நயினாருக்கு, அப்புறம் உச்சிமாகாளிக்கு. ஆச்சரியத்தில் கோமதியின் வாயும் திறக்க, அவளுக்கும் ஒன்று. எல்லோருக்கும் ஆன பிறகு ஸ்பூனைத் தன் வாய்க்குள் விட்டுச் சப்பினான். ருசி பிடித்துப்போய்க் கிண்ணத்துக்குள் கையையே விட்டு அள்ளினான்.

“அண்ணே, பிள்ளை திங்கான்! இவன எங்கயும் அனுப்ப வேண்டாம்!” என்று கோமதி சிரித்துக்கொண்டே அழுதாள்.

பலவேசம் மீசையில் ஒட்டியிருந்த சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தான்.

“நீ நிம்மதியா வேலைக்குப் போ தாயி. இனி எங்களுக்கு ஊட்டிவிட வீட்டுல ஆள் இருக்கு” என்றவன், மருமகனைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்தான்.