ஆற்றிடம் ஒப்படைத்த காவல்

மேற்கே மலை, கிழக்கே ஆறு, இரண்டுக்கும் நடுவே ஒரு காடு. அந்தக் காட்டுக்குப் புலி ராஜா. காவல் மந்திரி ஒரு கரடி. அதன் பெயர் சடையன்.

ஆற்றுக்கு அக்கரையில் செந்நாய்கள் இருந்தன. ஒற்றைச் செந்நாய் வந்தால் அது வெறும் நாய். கூட்டமாக வந்தால் எமன். அதனால் இக்கரை நெடுகக் காட்டெருமைகள் காவல் நின்றன.

வருடம் பூராவும் நிற்பதில்லை. ஆடி பிறந்தால் மலையில் மழை கொட்டும். ஆறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடும். அந்த வெள்ளத்தில் கால் வைக்கும் செந்நாய் கடலில்தான் கரையேற வேண்டும். ஆகவே ஆடி முதல் நாள் எருமைகளுக்கு விடுமுறை. அவை மலை உச்சிக்குப் புல் மேயப் போய்விடும். காவலை ஆறு பார்த்துக்கொள்ளும்.

அதற்கு ஒரு சடங்கும் உண்டு. காவல் மந்திரி ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் விட வேண்டும். "தாயே, இனி உன் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். பழம் மிதந்து போய் வளைவில் மறைந்தால் காவல் ஒப்படைத்தாயிற்று. சடையனின் பாட்டன் செய்தது, அப்பன் செய்தது, சடையனும் செய்து வந்தது.

அந்த வருடம் ஆடி நெருங்கிற்று. மழையைக் காணோம். முந்திய வருடமே பிந்தித்தான் வந்தது. அதற்கு முந்திய வருடம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. மயில் மட்டும் தன் கடமைக்குத் தோகையை விரித்து ஆடிவிட்டுப் போனது.

கரடி பலாமரத்தடியில் நின்று எந்தப் பழம் நல்ல பழம் என்று முகர்ந்துகொண்டிருந்தது. ஒரு புள்ளிமான் ஓடி வந்தது. அதன் பெயர் மருதாயி.

"மந்திரி அண்ணே! ஆற்றில் தண்ணீர் இல்லை!"

"யார் சொன்னது?"

"நானே பார்த்தேன். மணல்தான் கிடக்கிறது."

"நீ பார்த்தால் அது வதந்தி. முதலை வந்து சொன்னால்தான் தகவல். ஆற்றுக்கு அதிகாரி அதுதான். முதலை வந்து சொன்னதா?"

"இல்லையே."

"பார்த்தாயா! சொல்லவில்லை என்றால் ஆறு நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். போ, வேலையைப் பார்."

மான் போகவில்லை. "இல்லை அண்ணே, குட்டி போட்டிருக்கிறேன். இன்னும் கால் ஊன்றவில்லை. மேட்டில் புல்லெல்லாம் கருகிப் போச்சு. மலை உச்சியை விட்டால் பச்சை என்று இருப்பது ஆற்றங்கரை ஒன்றுதான். எல்லா மானும் குட்டியை அங்கேதான் போட்டிருக்கிறது. எருமைகளும் போய்விட்டால்..."

"போனால் என்ன? நான் பொறுப்பு!"

"நீங்கள் பொறுப்பா, ஆறு பொறுப்பா?"

"இரண்டும் ஒன்றுதான்!" என்று கரடி உறுமிற்று.

மான் போனது. கரடி அடுத்த பழத்தை முகர்ந்தது.

பிறகு ராஜாவைப் பார்க்கப் போனது. புலி ராஜா ஒரு மூங்கில் புதருக்குள் படுத்திருந்தார். வெயிலில் அவருக்குத் தலைவலி.

"ஆடி எப்போது?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"நாளைக்கு, மகாராஜா."

"மழை?"

"வரும். வராமல் எங்கே போகும்?"

"ஆறு?"

"புகார் எதுவும் வரவில்லை."

"நல்லது. போகும்போது அந்தக் கிளையை இந்தப் பக்கம் இழுத்துவிட்டுப் போ. முகத்தில் வெயில் அடிக்கிறது."

கரடி கிளையை இழுத்துவிட்டது. அன்றைய ஆட்சி அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலை எருமைகள் கிளம்பின. அவற்றின் தலைவன் காரி. காரியின் மண்டையில் ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் நிற்கும். ஆனால் நின்றால் நின்றதுதான்.

"எப்போது திரும்ப வரவேண்டும் மந்திரியாரே?"

"வழக்கம்போலத்தான். வெள்ளம் வடிந்தது என்று முதலை ராஜாவின் துறைக்கு வந்து சொல்ல வேண்டும். அதுவரை யார் கூப்பிட்டாலும் இறங்காதே."

"நீங்கள் கூப்பிட்டால்?"

"நானே கூப்பிட்டாலும்!"

"சரி" என்று காரி தலையை ஆட்டிவிட்டு மலையேறிற்று. மந்தை முழுக்கப் பின்னால் போனது.

கரடி பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்தது. கரையில் ஏறி நின்று பார்த்தது.

வெள்ளை மணல். அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் மணல்தான்.

"ஆறு கொஞ்சம் இளைத்திருக்கிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. வந்தது வந்தாயிற்று. சடங்கை விட முடியுமா? மணலில் இறங்கிப் பழத்தை வைத்தது. "தாயே, இனி உன் பொறுப்பு" என்றது.

பழம் அசையவில்லை.

கரடி காலால் ஒரு தள்ளுத் தள்ளியது. பழம் ஒருமுறை உருண்டு நின்றது. பிறகு குனிந்து இரண்டு கையாலும் தள்ளத் தொடங்கியது. "போ தாயே, போ" என்று மூச்சிரைக்க, வளைவு வரைக்கும் உருட்டிக்கொண்டே போனது.

"என்ன அண்ணாச்சி, ஏதும் விசேஷமா?"

அக்கரையில் ஒரு செந்நாய் குந்தியிருந்தது.

கரடி நிமிர்ந்தது. "கண் தெரியவில்லையா? காவலை ஆற்றிடம் ஒப்படைக்கிறேன்."

"எந்த ஆற்றிடம்?"

"இந்த ஆற்றிடம்தான். இங்கே வேறு ஆறு எங்கே இருக்கிறது?"

"அதுவும் சரிதான்" என்று செந்நாய் மேலும் கீழும் பார்த்தது. "எருமை அண்ணன்மாரைக் காணோமே?"

"விடுமுறை. மலைக்குப் போயாயிற்று."

"எல்லோருமா?"

"ஒருவர் விடாமல். எங்கள் காட்டில் ஒரு வேலை என்றால் சுத்தமாக இருக்கும்."

செந்நாய் எழுந்தது. சோம்பல் முறித்தது. மணலில் இறங்கி நடந்து வந்தது.

"ஏய்! ஆற்றில் இறங்காதே! இழுத்துக்கொண்டு போய்விடும்!" என்று கரடி கத்திற்று. பழக்கம், வேறென்ன.

செந்நாய் நட்டாற்றில் நின்று காலை மாற்றி மாற்றித் தூக்கிற்று. "இழுக்கவில்லை அண்ணாச்சி. சுடத்தான் சுடுகிறது."

அங்கேயே நின்று மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. பலாப்பழத்தை அல்ல. கரடிக்குப் பின்னால், கரைப் புல்லுக்குள் கிடந்ததை.

"வெயில் தாழட்டும். சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். காவல் நிற்கிற ஆற்றிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்" என்றுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனது.

கரடி திரும்பிப் பார்த்தது. கரையில் மருதாயி தன் குட்டியை மறைத்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறது. நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் கரடிக்குத் தேவலை.

"நான்... நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடட்டுமா?" என்றது கரடி.

"எந்தக் குட்டியை அண்ணே?"

கரை நெடுகப் புல்லுக்குள் அங்கங்கே சின்னச் சின்னக் காதுகள் அசைந்தன.

கரடி முதலையைத் தேடி ஓடியது. கரையோரப் பொந்து ஒன்றில், காய்ந்துகொண்டிருந்த சேற்றுக்குள் முதலை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏ அதிகாரி! எழுந்திரு!"

"தண்ணீர் வந்துவிட்டதா?" என்று முதலை ஒரு கண்ணைத் திறந்தது.

"வரவில்லை! வரவில்லை என்று நீ ஏன் வந்து சொல்லவில்லை?"

"எப்படிச் சொல்வது? ராஜாவின் துறைக்கு நீந்தி வந்து சொல்ல வேண்டும் என்பது விதி. எதில் நீந்துவது?"

"நடந்து வந்திருக்கலாமே!"

"நான் நடந்து வந்தால் ஊரெல்லாம் என் நடையைப் பற்றிப் பேசும். ஆற்றைப் பற்றி எவன் பேசுவான்?"

"சரி, இப்போது மலைக்கு வா. எருமையிடம் ஒரு வார்த்தை சொல்லு!"

"மலை என் எல்லைக்குள் வராது" என்று முதலை கண்ணை மூடிக்கொண்டது.

வந்த ஆத்திரத்தில் கரடி அதைக் கடித்திருக்கும். முதலையை எங்கே கடிப்பது என்று தெரியாததால் மலையைப் பார்த்து ஓடியது.

மந்திரியான பிறகு அது ஓடியதே இல்லை. தொப்பை ஒரு பக்கம் போக, கால் ஒரு பக்கம் போக, நாக்குத் தள்ள உச்சிக்கு வந்து விழுந்தது. எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"காரி! இறங்கு! செந்நாய் வருகிறது!"

காரி மென்றது. விழுங்கியது. "முதலை வந்ததா?"

"வரவில்லை!"

"வெள்ளம் வடிந்ததா?"

"வெள்ளமே வரவில்லையடா!"

"வராத வெள்ளம் எப்படி வடியும்? வடியாமல் நான் எப்படி இறங்குவது?"

"நான் கூப்பிடுகிறேன்! காவல் மந்திரி கூப்பிடுகிறேன்!"

"நீங்கள் கூப்பிட்டாலும் வரக்கூடாது என்று மந்திரி உத்தரவு."

"அந்த மந்திரி நான்தானே!"

"அதனால்தான் வரமாட்டேன். உங்கள் வார்த்தையை நான் என்றைக்காவது தட்டியிருக்கிறேனா?"

கரடி காலில் விழுந்தது. காரிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "எழுந்திருங்கள். பெரியவர் நீங்கள், இதெல்லாம் எதற்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது.

உச்சியிலிருந்து பார்த்தால் ஆறு நன்றாகத் தெரிந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது. அக்கரையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் சேர்ந்துகொண்டிருந்தன.

கரடி யோசித்தது. உத்தரவு போட்டால் வராது. கெஞ்சினால் வராது. எருமை எதற்குத்தான் வரும்?

எழுந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டது. கையை ஓங்கிக் காரியின் மூக்கில் பளாரென்று ஒன்று வைத்தது.

மந்தை மெல்லுவதை நிறுத்தியது.

"வண்டி மாடே!" என்றது கரடி. "உன் பாட்டன் ஏர் உழுதான்! உன் பாட்டி சந்தையில் விலைபோனாள்! நீங்கள் அத்தனை பேரும் வண்டி மாடுகள்!"

காட்டெருமையை எதுவும் சொல்லலாம். இதைச் சொல்லக் கூடாது.

கரடி திரும்பிப் பார்க்காமல் ஓடியது. திரும்பிப் பார்க்கத் தேவையும் இல்லை. பின்னால் மலை அதிர்ந்தது. மரங்கள் முறிந்தன. காரியின் மூச்சு முதுகில் சுட்டது. ஆற்றங்கரையில் ஒரு மருதமரம். கரடி அதைத் தாவிப் பிடிக்கவும், காரியின் கொம்பு அதன் பின்புறத்தில் ஏறவும் சரியாக இருந்தது. "அம்மாடி!" என்ற ஒரே அலறலில் கரடி உச்சாணிக் கிளைக்குப் போய்விட்டது.

மந்தைக்குக் கால் நிற்கவில்லை. மொத்தமாகச் சரிந்து ஆற்று மணலில் இறங்கிற்று.

செந்நாய்க் கூட்டம் அப்போதுதான் நட்டாற்றுக்கு வந்திருந்தது. முன்னால் வந்த நாய் ஒரே ஒரு பார்வை பார்த்தது. கண் சிவந்து, கொம்பைத் தாழ்த்தி, புழுதியோடு ஒரு மலையே எதிரே வந்தது. எருமைகள் செந்நாய்களைப் பார்க்கக்கூட இல்லை. அவை கரடியைத்தான் தேடிக்கொண்டிருந்தன. அது செந்நாய்க்கு எப்படித் தெரியும்? வாலைக் காலுக்கிடையில் விட்டுக்கொண்டு கூட்டம் திரும்பி ஓடிற்று.

எருமைகள் மருதமரத்தைச் சூழ்ந்துகொண்டன.

"இறங்கு!" என்றது காரி.

"மாட்டேன்!" என்றது கரடி.

இரண்டு நாள் போனது. காரிக்குக் கோபம் ஆறிவிட்டது. அண்ணாந்து பார்த்து, "போகட்டும் மந்திரியாரே, மறந்துவிட்டேன். நாங்கள் மலைக்குப் போகிறோம்" என்றது.

கரடிக்குத் தப்பித்தோம் என்று இருந்தது. இறங்கலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தது. வைத்தபடியே ஆற்றைப் பார்த்தது. மணல். அக்கரையைப் பார்த்தது. புதருக்குள் இரண்டு கண்கள் காத்திருந்தன. கீழே மருதாயியின் குட்டி எழுந்து நிற்கப் பார்த்து, தொப்பென்று விழுந்தது.

கரடி பெருமூச்சு விட்டது. காலை மேலே எடுத்துக்கொண்டது.

"போடா, வண்டி மாடே!" என்றது.

காரி தரையைப் பிராண்டிற்று. மந்தை நகரவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் கரடிக்கு முதல் வேலை எருமைகளைத் திட்டுவது. நடுப்பகலில் அவை கண்ணயரும்போது இறங்கி, ஊற்றில் தண்ணீர் குடித்துவிட்டு ஏறிக்கொள்ளும். மரத்தில் எறும்புக்குப் பஞ்சமில்லை. புண்ணுக்கு மருந்துதான் இல்லை. உட்கார முடியாமல் கிளையில் குப்புறப் படுத்தே கிடந்தது. ஆடி போனது. ஆவணியும் பாதி போனது. குட்டிகள் கால் ஊன்றித் துள்ள ஆரம்பித்தன. அதற்குப் பிறகுதான் ஒரு நாள் மலையில் இடி இடித்தது.

நடுவில் ஒருநாள் புலி ராஜா புதருக்குள் புரண்டு படுத்தார்.

"ஆற்றங்கரைக் காவல் எப்படி இருக்கிறது?" என்று அந்த வழியாகப் போன மருதாயியைக் கேட்டார்.

"பலமாக இருக்கிறது மகாராஜா. மந்திரி மரத்தின்மேல் இருக்கிறார்."

"அங்கிருந்து என்ன தெரிகிறதாம்?"

"ஆறு தெரிகிறதாம்."

"நல்லது" என்றார் ராஜா. "இறங்கிவிடப் போகிறான். அங்கேயே இருக்கச் சொல்."

நீதி: பருவம் தவறினால் ஆபத்து பழைய நாளுக்குக் காத்திருக்காது; காவலை மாதத்தைப் பார்த்து வைக்காதே, ஆற்றைப் பார்த்து வை.