துண்டுக்குள் பிடித்த கை

சந்தைப்பேட்டையில் அவருக்குத் தரகு சாமி என்று பெயர். முன்னாள் மாட்டுத் தரகர். தரகை விட்டார், சந்தையை விடவில்லை. சந்தைக்கு வருகிற மாடுகளுக்குக் கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்புவார். யாரும் கொடுத்த வேலை அல்ல. யாரும் கூலி தருவதும் இல்லை.

சாமிக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் நல்லசிவத்துக்கு அறுபது நெருங்குகிறது.

நல்லசிவம் லேசுப்பட்ட ஆள் அல்ல. இதே சந்தையில் கன்றுக்குட்டி பிடித்து விற்றுத் தலையெடுத்தவர். ஊரைச் சுற்றியிருந்த விளைநிலத்தையெல்லாம் வாங்கி, கல் நட்டு, மனையாக்கி விற்றார். மூன்று வீடு கட்டினார். ஒன்றில் குடியிருந்தார், மற்ற இரண்டையும் பூட்டிவைத்து, தூசி தட்ட ஆள் போட்டார். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று பக்கத்து வீட்டை வாங்கி இடித்தார். எல்லாம் வந்தது. தூக்கம்தான் வரவில்லை. அதைத் தேடித்தான் சாமியிடம் வந்து சேர்ந்தார்.

சந்தைக்குச் சந்தை வருவார். சலவைச் சட்டையோடு இரண்டு குடம் இறைத்து ஊற்றுவார். "உபதேசம் பண்ணுங்க சாமி" என்பார்.

"இன்னும் ரெண்டு குடம் ஊத்துங்கண்ணா" என்பார் சாமி.

அதுவரை நடந்த உபதேசம் அவ்வளவுதான்.

அன்றைக்கு நல்லசிவம் குடத்தைத் தொடவில்லை.

"சாமி, இன்னைக்குக் கேட்காமப் போகமாட்டேன். இந்த ஆசையை எப்படி நிறுத்தறது? சுருக்கமாச் சொல்லுங்க. எனக்கு ஒரு சோலி கெடக்குது."

"என்ன சோலிங்கண்ணா?"

"பொக்லைன் வருது. ராமாத்தா காட்டுக்குப் போற தடத்தைத் தோண்டிச் சுவரு வெக்கறோம்."

ராமாத்தாள், நல்லசிவத்தின் சித்தப்பா மகனைக் கட்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். நாலு எருமையும் அவை மேய்கிற மானாவாரிக் காடும்தான் அவள் பிழைப்பு. சுற்றிலும் எல்லாரும் விற்றுவிட்டார்கள். அவள் ஒருத்திதான் மசியவில்லை. நல்லசிவத்தின் மனைகளுக்கு நட்டநடுவே அவள் காடு பச்சையாக நின்றது. அதற்குப் போகவர ஒரே தடம். அந்தத் தடம் இப்போது நல்லசிவத்தின் இடம். அடைத்துவிட்டால் எருமையும் வெளியே வராது, பாலும் வெளியே வராது. அவள் விற்றுத்தான் ஆகவேண்டும்.

சாமி குடத்தைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை உதறினார்.

"அந்த வியாபாரத்தை நான் பேசி முடிக்கறேன். கையைக் குடுங்க."

நல்லசிவத்துக்கு முகமெல்லாம் பல். சாமி துண்டு போட்டுப் பல வருஷம் ஆகிறது. தனக்காகப் போடுகிறார் என்றால் சும்மாவா? கையை நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வது வழக்கமில்லை. கையின் மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எத்தனை விரலோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. இதில் ஒரு கட்டு உண்டு. துண்டுக்குள் போன கை விலை படிந்தால் வெளியே வரும், இல்லை தரகரே விட்டால் வரும். பாதியில் உருவிக்கொண்டவனுக்கு அப்புறம் அந்தச் சந்தையில் எவனும் துண்டு போடமாட்டான். நல்லசிவம் இதைப் பால்குடிக் கன்று விற்ற காலத்திலேயே படித்தவர்.

"ராமாத்தாளைக் கூப்பிடலீங்களா சாமி?"

"அவங்க விலை இருக்கட்டும். மொதல்ல உங்க விலை."

"என்ற விலையா?"

"எது கெடைச்சா நிப்பீங்களோ, அந்த விலை. வெரலைப் புடிங்க."

நல்லசிவம் சாமியின் சுண்டுவிரலைப் பிடித்தார். "ராமாத்தா காடு."

"அது வந்தா நின்னுருவீங்களா?"

நல்லசிவம் யோசித்தார். "அதையொட்டி ஓடையோரம் கொஞ்சம் எடம் இருக்குதுங்க. அதை விட்டா பார்வை கெட்டுப்போகும்." இரண்டாவது விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

"அப்புறம்?"

"பைபாஸ் வரப்போகுதுன்னு பேசிக்கறாங்க. அந்தப் பக்கம் ஒண்ணு."

"அப்புறம்?"

"மருமகன் ஒரு மண்டபம் கட்டணுங்கறாரு. ஏசி மண்டபம்."

"அப்புறம்?"

"ஊட்டியில ஒரு பங்களா."

"ஊட்டிக்கு அடிக்கடி போவீங்களா?"

"எனக்குக் குளிரு ஆகாதுங்க சாமி."

"அப்புறம்?"

விரல் தீர்ந்துவிட்டது. நல்லசிவம் அசடு வழியச் சிரித்தார். "அந்தக் கையையும் குடுங்களேன்."

சாமி கொடுக்கவில்லை. துண்டுக்குள் இருந்த நல்லசிவத்தின் கையை இறுக்கிப் பிடித்தார். காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்த கை அது.

"இந்த ஒரு கைக்குள்ள ஒரு விலை சொல்லுங்கண்ணா. விட்டர்றேன்."

பையில் போன் அடித்தது. நல்லசிவம் இடது கையால் திண்டாடி எடுத்தார். மேஸ்திரி.

"மொதலாளி, வண்டி வந்து நிக்குதுங்க. நீங்க முன்னால வந்து நின்னாத்தான் மண்ணுல கை வெப்பேங்கறான் டிரைவரு. பொம்பளை பாவம் அவனுக்கு ஆகாதாமா."

"வந்துட்டேன், இரு!"

வரவில்லை. வெயில் ஏறியது. சுற்றி நாலு தரகர்கள் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்க நல்லசிவம், இத்தனை நேரமா படியாத மாடு எந்த ஊரு மாடுங்க?"

"சாமிகிட்ட ஏதுப்பா மாடு? தொட்டியை வெலைக்குக் கேட்கறாராட்ட இருக்குது."

"தொட்டியையும் விடமாட்டாரா?"

சிரித்தார்கள். "அவனவன் சோலியைப் பாருங்கடா!" என்று நல்லசிவம் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாமி, இந்தத் தொட்டிக்கு மேல நல்ல ஷீட்டாப் போட்டுத் தர்றேன். மோட்டாரு வெச்சுத் தர்றேன். நீங்க இறைக்கவே வேண்டாம்."

"நான் விக்க உக்காரலீங்கண்ணா. உங்க விலையைச் சொல்லுங்க."

"சரி. ராமாத்தா காட்டோட நிறுத்திக்கறேன். சத்தியமா!"

"உள்ளங்கை வேர்க்குதுங்கண்ணா. அடுத்த விலையை மனசுல வெச்சிருக்கறவனுக்குத்தான் வேர்க்கும்."

அந்த நேரத்தில் ராமாத்தாளே வந்துவிட்டாள். ஒரு கையில் பால் கேன், ஒரு கையில் எருமைக் கயிறு. எருமையைத் தொட்டியில் விட்டாள். துண்டைப் பார்த்தாள், துண்டுக்கு இந்தப் பக்கம் நின்ற ஆளைப் பார்த்தாள்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"அம்மிணி, நீயாச்சும் சாமிகிட்டச் சொல்லு. கையை விடச் சொல்லு."

"நான் எதுக்குங்க மாமா சொல்றேன்? சாமி, நல்லா இறுக்கிப் புடிங்க. அந்தக் கைதான் எம்பட தடத்தை அடைக்கறதுக்கு ஆளைக் கூட்டிட்டு வந்துருக்குது."

தரகர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இப்ப எங்கம்மா போறீங்க?" என்றார் சாமி.

"எங்க போறதுங்க? எருமை தண்ணி குடிச்சதும் அந்த வண்டிக்கு முன்னால போய் உக்காந்துக்குவேன். எருமை நாலையும் தடத்துல வரிசையாக் கட்டிப்போடுவேன். ஏத்தறதுன்னா எல்லாத்து மேலயும் ஏத்தட்டும்."

அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. எருமை தலை தூக்கியதும் கயிற்றைச் சுண்டிக்கொண்டு போய்விட்டாள்.

போன் மறுபடி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நல்லசிவத்தின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"சாமி, வெரலு மரத்துப்போச்சு."

"விலை?"

"நெசமாவே வலிக்குதுங்க."

"விலை சொல்லுங்கண்ணா. எங்க நிப்பீங்க?"

"சொல்ல வரமாட்டேங்குதே! இருந்தாச் சொல்லமாட்டனா?" சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி நல்லசிவம் கத்தினார். கத்திவிட்டு, உடைந்த குரலில் கெஞ்சினார். "எனக்கு மண்டபமும் வேண்டாம், பங்களாவும் வேண்டாம். புடிச்ச புடியை விட்டாப் போதும் சாமி. என்ற பாட்டுக்கு என்ற வழியில போயிருவேன். வேறொண்ணும் கேட்கலை."

"ராமாத்தா உங்ககிட்ட வேறென்னங்கண்ணா கேட்டாங்க?" என்றார் சாமி.

சொல்லிவிட்டுப் பிடியை விட்டார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நல்லசிவத்தின் கை துண்டுக்குள்ளேயே இருந்தது.