குஞ்சின் இரண்டாம் நாள்

பாவாயம்மையிடம் மந்திரம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது அடைய வேண்டும் என்று வருவார்கள். அர்த்தநாரி ஒன்றைத் தொலைக்க வந்திருந்தார்.

அவர் காதில் ஒரு சத்தம் இருந்தது. குஞ்சு பொரிக்கும் பண்ணையில் இருபத்திரண்டு வருஷம் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். பொரித்த குஞ்சுகள் தட்டுத் தட்டாக வரும். நிற்பது வலப்பக்கத்துப் பெட்டிக்கு. காலைப் பரப்பிக்கொண்டு வயிறு தரையில் படக் கிடப்பது இடப்பக்கத்து நீல டிரம்முக்கு. டிரம் நிறைந்து மூடி போட்ட பிறகும் உள்ளே கீச்சுக் கீச்சென்று சற்று நேரம் கேட்கும். வேலையை விட்டு இரண்டு வருஷமாகியும் அது ஓயவில்லை. சோற்றில் கை வைத்தால் கேட்டது. பேத்தியைத் தூக்கினால் கேட்டது.

அதை அடக்க ஒரு மந்திரம் வேண்டும் என்றுதான் கொல்லிமலை அடிவாரத்துக் குடிலுக்கு வந்து சேர்ந்தார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். கேட்டதும் மறுக்கவில்லை. இருங்கள், தருகிறேன் என்றார். ஆறு மாதமாக அர்த்தநாரி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டும் வாசல் கூட்டிக்கொண்டும் இருந்தார்.

ஆவணியில் ஒரு காலை, கூடையில் அடை கிடந்த கருங்கோழி குஞ்சு பொரித்தது. ஒன்பது குஞ்சுகள். ஈரம் உலர்ந்ததும் எட்டு எழுந்து தாயின் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. ஒன்பதாவதன் கால்கள் திசைக்கொன்றாக விலகிக் கிடந்தன. தாய் அதை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு, மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டது.

அம்மை அதை எடுத்து அர்த்தநாரியின் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் யோசிக்கவில்லை. அவர் கைதான் யோசித்தது. குஞ்சு இடப்பக்கம் போயிற்று. கட்டைவிரல் அதன் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம்தான் அங்கே டிரம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கை அந்தரத்தில் நின்றது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மை, "இது நிக்கட்டும். அன்னிக்கு மந்திரம் தர்றேன்" என்றார்.

"இது நிக்காதுங்கம்மா. பாத்த உடனே தெரியும். லட்சக்கணக்குல பாத்தவன் நான்."

"ஒரு குஞ்சை எத்தனை நேரம் பாத்திருப்பீங்க?"

கண் மூடித் திறக்கிற நேரம். அர்த்தநாரி குனிந்து கையிலிருந்த குஞ்சைப் பார்த்தார்.

"ரெண்டாம் நாள் பாத்ததுண்டுங்களா?"

"இல்லீங்க."

"பாருங்க."

அர்த்தநாரி ஓர் அட்டைப்பெட்டியைத் தேடிப் பிடித்து, பண்ணைப் பழக்கத்தில் அடியில் பழைய காலண்டர் தாளை விரித்தார். குஞ்சு எழப் பார்த்தது. வழவழப்பில் கால் இன்னும் விலகிப் போனது. மறுபடி எழப் பார்த்தது. மறுபடி சறுக்கிற்று. மறுநாளும் அதேதான். மதியம் அம்மை வந்து பார்த்தார். தாளை உருவி எறிந்துவிட்டு ஒரு துண்டுக் கோணியை விரித்தார். குஞ்சின் நகம் கோணியின் இழையைப் பற்றிக்கொண்டது. கால் விலகித்தான் இருந்தது. ஆனால் மேற்கொண்டு சறுக்கவில்லை.

அர்த்தநாரி அந்தக் கோணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பண்ணையிலும் முதலில் கோணிதான். அலசிக் காயப்போடச் சிரமமாக இருக்கிறது, வழவழப்பான தாள் போட்டால் உருவி எறிந்துவிடலாம் என்று முதலாளியிடம் போய் யோசனை சொன்னது அவர்தான். அந்த வருஷத் தீபாவளிக்கு அவருக்கு மட்டும் பட்டுக்கரை வேட்டி கொடுத்தார்கள்.

"அந்தத் தாளுனால எத்தனை சறுக்கியிருக்குமுங்கம்மா?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் அங்க இல்லையே."

அர்த்தநாரி உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தார். தனக்கு எந்த மந்திரமும் பற்றாது, ஊருக்கே போய்விடுகிறேன் என்றார். அம்மை தடுக்கவில்லை. போவதற்கு முன் குஞ்சுக்குத் தண்ணீர் மட்டும் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

பையைத் தோளில் மாட்டியபடியே குந்தினார். அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டு எடுத்தார். குஞ்சு தலையை உயர்த்தி விழுங்கியது. அடுத்த சொட்டுக்கு அது தயாராகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் முடிந்தபோது அதற்குப் பசித்தது. கம்புக் குருணையை நனைத்து ஒவ்வொன்றாக ஊட்டினார். தின்று முடித்து, அவர் வேட்டியிலேயே எச்சம் போட்டுவிட்டு, கைக்குள் தூங்கிப்போயிற்று. மலையிலிருந்து இறங்கும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

அன்றே வேட்டியின் ஓரத்தைக் கிழித்து, இரண்டு காலையும் இயல்பான அகலத்துக்கு இழுத்துக் கட்டினார். இறுக்கிவிட்டார். பாதம் கறுத்தது. அவிழ்த்துக் கட்டினார். தளர்ந்து நழுவியது. மூன்றாவது முறை சரியாக அமைந்தது.

பால் கொண்டுவரும் ராக்கியண்ணன் எட்டிப் பார்த்து, "காப்புக் கட்டியாச்சாட்டமிருக்குது. நோம்பி எப்பங்க? மொளகு அரைக்கச் சொல்லட்டுங்களா?" என்று, கோயில் திருவிழாவைச் சொல்வதுபோல், கேலியாகக் கேட்டார்.

"இது நின்ன அன்னிக்குத்தானுங்க நோம்பி. அன்னிக்குப் பாலு ஒரு படி சேத்துக் கொண்டாங்க" என்றார் அர்த்தநாரி. அவர் சிரிக்கவில்லை.

கட்டிய காலோடு எழப் பார்த்துக் குஞ்சு மல்லாந்து விழும். தானாகத் திரும்ப முடியாமல் கத்தும். கத்துவது அதுதானா, காதுக்குள் இருக்கும் அந்தப் பழைய சத்தமா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் கேட்கிறபோதெல்லாம் ஓடினார். பாதி நேரம் குஞ்சு சும்மா உட்கார்ந்திருந்து, என்ன என்பது போல் அவரைப் பார்க்கும். பாதி நேரம் உண்மையாகவே மல்லாந்து கிடக்கும். இறைத்துக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடியதில் இரண்டு வாளிகள் கிணற்றுக்குள் போயின. அம்மை பக்கத்துத் தோட்டத்தில் பாதாளக் கரண்டி இரவல் வாங்கி அவராகவே துழாவி எடுத்தார்.

ஒன்பதாம் நாள் கட்டை அவிழ்த்தார். குஞ்சு கோணிமேல் கிடந்தது. சற்று நேரம் அசையவில்லை. பிறகு வலதுகாலை ஊன்றியது. இடதுகால் அரிவாள்போல் வெளியே வளைந்துதான் இருந்தது. இறக்கையைத் தரையில் முட்டுக் கொடுத்து, நடுங்கிக்கொண்டு, எழுந்து நின்றது. மூன்று அடி கோணலாக நடந்து விழுந்தது. அவர் குனிவதற்குள் தானே புரண்டு எழுந்தது. அப்படியே பக்கவாட்டில் விந்தி விந்தி, குருணை இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அம்மை முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி போய் எதிரே நின்றார்.

"நின்னுருச்சுங்கம்மா."

"பாத்தேன். உக்காருங்க, மந்திரம் சொல்றேன்."

அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்தச் சத்தம் இப்பவும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"இந்த ஒம்பது நாளும்?"

"இருந்துச்சுங்க. அதைக் கேட்டுத்தானுங்க நான் ஓடி ஓடி..."



அம்மை சொன்னார்: "இந்த மந்திரத்துக்குத் தரம் பிரிக்கத் தெரியாதுங்க. அந்தச் சத்தத்தையும் அடக்கும், இந்தக் குஞ்சோட சத்தத்தையும் அடக்கும். சொல்லட்டுங்களா?"

 அர்த்தநாரி முறத்திலிருந்து ஒரு பிடி குருணையை அள்ளிக்கொண்டு எழுந்து குஞ்சிடம் போனார்.