கயிற்றுப் பாலத்துப் படம்

“மூணு மாசம் ஆச்சு வாத்தியாரம்மா. என் படம் ஒண்ணுகூட இன்னும் புத்தகத்துல வரலையே?”

கேட்டவர் இருளப்பன். வயது ஐம்பத்திரண்டு. கேட்கப்பட்டவள் ரெஜினா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் உட்கார்ந்து சாகசக் கதைகளுக்குப் படம் போடுகிறவள்.

இருளப்பன் முன்பு சினிமா பேனர் வரைந்தவர்; இப்போது ரெஜினாவிடம் புத்தகப் படம் போடக் கற்றுக்கொள்கிறவர். அவர் வரைந்த கதாநாயகியைப் பார்த்து டவுன் பஸ்ஸே நின்றிருக்கிறது. அதை நாளைக்கு நாலு தடவை அவரே சொல்வார். தன் படம் ஒரு புத்தகத்தில் வந்துவிட வேண்டும், இப்போது அவருக்கு அது ஒன்றுதான் ஆசை.

ரெஜினாவின் படங்கள் அவருக்குப் பிடிபடவே இல்லை. எல்லாம் அரைகுறை. கதவிடுக்கில் நாலு விரல். தண்ணீருக்கு மேலே ஒரு வால். மீதியை வரையச் சோம்பல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

“இந்தக் கதையில ஒன்பதாம் அத்தியாயம் உங்களுக்கு, அண்ணாச்சி,” என்றாள் ரெஜினா. “மாறன் கயித்துப் பாலத்துல போறான். நடுவுல பாலம் அறுந்துபோகுது. வரைங்க.”

நாலு நாள் வரைந்தார். அறுந்த கயிற்றின் ஒவ்வொரு நாரும் தெரிந்தது. கீழே வாய் பிளந்த முதலை. மாறன் நெற்றியில் வியர்வை. அவன் எட்டிப் பிடித்துத் தப்பிக்கிற ஆலம் விழுது.

ரெஜினா பார்த்தாள். மற்றப் பக்கங்களோடு அதையும் சேர்த்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“கீழே பைண்டிங்ல பேச்சியக்கா சாப்பிட உக்காந்திருப்பாங்க. படிக்கக் குடுங்க. பக்கத்துலயே இருங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க.”

பேச்சியம்மாள் தாள் மடிப்பவள். கதை என்றால் உயிர். இடது கையில் தாள், வலது கையில் தயிர்சாதம் என்று படிக்க ஆரம்பித்தாள்.

ரெஜினாவின் படம் வந்த இடத்திலெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள், சட்டென்று தாளைத் திருப்பினாள். பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது.

இருளப்பனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பாவம் வாத்தியாரம்மா, படத்தை ஒருத்தரும் நின்று பார்ப்பதில்லை.

ஒன்பதாம் அத்தியாயம் வந்தது.

பேச்சியம்மாள் நிறுத்தினாள். மூலையில் இருந்த கையெழுத்தைப் படித்தாள். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“ஏ செல்லக்கனி, இங்க வந்து பாரு. வேர்வைகூடத் தெரியுது. என்னா கை அண்ணாச்சி உங்களுக்கு.”

நாலு பேர் கூடினார்கள். ஆளுக்கொரு பாராட்டு. இருளப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு பேச்சியம்மாள் தாள்களைத் தட்டி அடுக்கி ஓரமாக வைத்தாள். டப்பாவைப் பக்கத்தில் இழுத்து நிதானமாகச் சாப்பிடத் தொடங்கினாள்.

இருளப்பன் காத்திருந்தார். சோறு முடிந்தது. ஊறுகாயும் முடிந்தது.

“அடுத்த பக்கம் படிக்கலையாம்மா?”

“படிக்கலாம், என்ன அவசரம்? படத்தைப் பாத்ததுலயே மனசு நெறஞ்சிருச்சு அண்ணாச்சி.”

கை கழுவ எழுந்து போனாள்.

இருளப்பன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் படத்தை மட்டும் உருவிக்கொண்டு மாடியேறினார்.

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள்.

“வெள்ளை பெயிண்ட் குடுங்க வாத்தியாரம்மா,” என்றார். “அந்த விழுதை எடுத்துரணும்.”